என்.கே. செல்லுக்கு ஞாபகம் இருக்கிறதா, கூட்டம் மட்டும்தான் கூடுகிறதா?

#1 மண்ணீரல்வாசி

பாடப்புத்தகங்களில் ஒரு வரி இன்னும் அப்படியே நிற்கிறது: நோயெதிர்ப்பு செல்களில் டி செல்லுக்கும் பி செல்லுக்கும் முன்பு பார்த்த கிருமியின் நினைவு உண்டு, இயற்கைக் கொல்லி (என்.கே.) செல்லுக்குக் கிடையாது. இதை மறுக்க எல்லோரும் எடுத்துக்காட்டுவது, 2009 இல் நேச்சர் இதழில் ஜோசஃப் சன், லூயிஸ் லேனியர் குழு வெளியிட்ட சுண்டெலிச் சோதனை. எலியைத் தாக்கும் சைட்டோமெகலோ வைரஸ் (எம்.சி.எம்.வி.) தொற்றியபோது, லை49ஹெச் என்ற ஏற்பியைத் தாங்கிய என்.கே. செல்கள் மண்ணீரலில் 100 மடங்கும் கல்லீரலில் 1000 மடங்கும் பெருகின. பிறகு சுருங்கின. மிஞ்சியவை மாதக்கணக்கில் தங்கின. மறுபடி தூண்டியதும் சட்டென்று வேலையில் இறங்கின.

100, 1000 என்ற எண்ணைச் சொல்லிவிட்டு ‘ஆகவே நினைவு’ என்று முடித்துவிடுகிறார்கள். அது போதாது. ஆள் கூடினால் வேலை சீக்கிரம் முடியும், அதற்கு ஞாபகம் எதற்கு? ஒவ்வொரு செல்லும் தனித்தனியாக மாறியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. அதை எப்படிக் காட்டினார்கள், அந்தச் சோதனையை யாராவது திரும்பச் செய்தால் எந்த இடத்தில் சறுக்கும் என்று பேசுவோம். பொத்தாம்பொதுவான விளக்கம் இணையத்தில் நிறையக் கிடைக்கிறது, அது இங்கே வேண்டாம்.

#2 வைரஸ்கலயம்

முதலில் பூட்டு, சாவி இரண்டையும் சொல்லிவிடுகிறேன். பிறகு வரும் சிக்கல்களில் பாதி அங்கிருந்துதான் கிளம்புகிறது.

எம்.சி.எம்.வி. தொற்றிய செல்லின் மேற்பரப்பில் எம்157 என்ற வைரஸ் புரதம் ஏறி நிற்கும். பார்வைக்கு, உடலின் சொந்த செல்களை அடையாளம் காட்டும் எம்ஹெச்சி முதல் வகைப் புரதத்தின் சாயல். லை49ஹெச் அதை நேரடியாகப் பிடிக்கிறது என்பது 2002 இல் உறுதியானது. சி57பிளாக்6 வகை எலிகளின் என்.கே. செல்களில் ஏறத்தாழ பாதியில் லை49ஹெச் இருக்கும். பால்ப்-சி எலிகளில் அந்த மரபணுவே இல்லை, அதனால்தான் அவை இந்த வைரஸுக்கு எளிதில் பலியாகின்றன. 129 வகை எலியில் கதை தலைகீழ்: அங்கே அதே எம்157, லை49ஐ என்ற தடுப்பு ஏற்பியைப் பிடித்து என்.கே. செல்லை அடக்குகிறது. வைரஸ் எம்157-ஐ உருவாக்கியதே அந்த அடக்குதலுக்காகத்தான், எலி பதிலுக்கு லை49ஹெச் என்ற பொறியை வைத்தது என்பது பரவலான ஊகம். எனக்கும் அது ஏற்புடையதே.

ஆக, டி செல்லைப் போல மரபணுத் துண்டுகளை வெட்டி ஒட்டிப் புதுப்புது ஏற்பி செய்யும் வேலை இங்கே இல்லை. பிறவியிலேயே வந்த ஒரே ஏற்பி, ஒரே இலக்கு. ‘இந்த வைரஸை அடையாளம் காணும் என்.கே. செல்’ என்று தனியே பிரித்து எண்ண முடிந்ததே இதனால்தான். நினைவு பற்றிய ஆய்வு இந்த எலியில், இந்த வைரஸில் தொடங்கியது தற்செயல் அல்ல.

#3 கேட்டிங் கந்தன்

சோதனையின் அமைப்பைச் சொல்கிறேன்.

என்.கே. செல்லை ஒரு எலியிலிருந்து எடுத்து இன்னொன்றுக்குச் செலுத்துகிறோம். கொடுக்கும் எலி சிடி45.1, வாங்கும் எலி சிடி45.2 (யாருடைய செல் என்று பிரித்தறிய உதவும் மேற்பரப்பு அடையாளங்கள்). இரண்டும் பிளாக்6 பின்னணி. வாங்கும் எலியில் டாப்12 மரபணு நீக்கப்பட்டிருக்க வேண்டும். லை49ஹெச் மேற்பரப்புக்கு வரவும், உள்ளே சமிக்ஞை அனுப்பவும் டாப்12 வேண்டும். அது இல்லாத எலியில் சொந்த என்.கே. செல்கள் இருக்கும், ஆனால் எம்157-க்குக் குருடு. எனவே நீங்கள் செலுத்திய செல்லுக்குப் போட்டியே கிடையாது, வைரஸும் நிறைய இருக்கும். 100 மடங்குப் பெருக்கம் தெரிவது இந்த ஏற்பாட்டில்தான். சாதாரண பிளாக்6 எலிக்குத் தொற்று கொடுத்தால், மொத்த என்.கே. செல்களில் லை49ஹெச் உள்ளவற்றின் பங்கு 50 சதவீதத்திலிருந்து 70, 80 என்று ஏறும், அவ்வளவுதான். அதைப் பார்த்துவிட்டு ‘சோதனை வேலை செய்யவில்லை’ என்று கைவிடுபவர்கள் உண்டு.

ஒரு மண்ணீரலில் என்.கே. செல்கள் லிம்ஃபோசைட்டுகளில் 2 முதல் 4 சதவீதம், அதாவது சுமார் 20 முதல் 30 லட்சம். பிரித்தெடுக்கும்போது, என்.கே. செல்லின் மேற்பரப்பில் உள்ள என்கே1.1 ஏற்பிக்கான ஆன்டிபாடி போட்டு நேராகப் பிடிக்காதீர்கள். அந்த ஆன்டிபாடியே ஏற்பியைக் குறுக்கே கட்டிச் செல்லைத் தூண்டிவிடும். மற்ற செல்களின் அடையாளங்களான சிடி4, சிடி8, சிடி5, சிடி19, ஜிஆர்-1, டெர்119 ஆன்டிபாடிகளைப் போட்டு, காந்த பீட்ஸால் மற்றவற்றை வெளியேற்றி, மிஞ்சுவதை எடுங்கள். லை49ஹெச் உள்ள என்.கே. ஒரு லட்சம் போகும்படி கணக்கிட்டு ரத்தக்குழாயில் செலுத்தி, அன்றோ மறுநாளோ வைரஸை வயிற்றறைக்குள் ஊசி போடலாம். செலுத்தியதில் சிறு பங்குதான் மண்ணீரலில் போய்த் தங்கும். மடங்குக் கணக்கை ஊசியில் இருந்த எண்ணிக்கையிலிருந்து போடக் கூடாது, தங்கிய எண்ணிக்கையிலிருந்து போட வேண்டும். அதற்கென்று தொற்றுக் கொடுக்காத இரண்டு மூன்று எலிகளுக்கும் அதே செல்லைச் செலுத்தி வைக்க வேண்டும்.

ஆண் எலியின் செல்லைப் பெண் எலிக்குச் செலுத்தினால் சில வாரங்களில் காணாமல் போகும். ஒய் குரோமோசோம் புரதங்களை வாங்கும் எலியின் டி செல்கள் அன்னியமாகப் பார்க்கின்றன. 7-ஆம் நாள் வரைதான் பார்ப்போம் என்றால் இது தெரியவே தெரியாது. 40-ஆம் நாள் எண்ணும்போது ‘நினைவு செல்களே இல்லை’ என்று தோன்றும்.

#4 வைரஸ்கலயம்

வைரஸ் இருப்பை, அதாவது சோதனைக்காக வளர்த்துச் சேமித்து வைக்கும் வைரஸ் கையிருப்பைப் பற்றி நான் சேர்க்கிறேன். கந்தன் சொன்னதை விட அதிகமான சோதனைகள் இதில்தான் கெடுகின்றன.

வழக்கமாகப் பயன்படுவது ஸ்மித் வகை. எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியில் வளர்த்தெடுத்த வைரஸ் வீரியமானது, செல் வளர்ப்பில் எடுத்தது சாது. முதலாவதில் எலிக்குச் சில ஆயிரம் பிளேக் அலகு (தொற்றும் திறனுள்ள வைரஸை எண்ணும் அளவு) போதும். அதே எண்ணிக்கையை வளர்ப்பு வைரஸில் கொடுத்தால் பெருக்கம் மந்தமாக இருக்கும்.

இருப்பை எந்த எலியில் வளர்க்கிறீர்கள் என்பதுதான் உயிர்நாடி. பால்ப்-சி எலியில் வளர்க்க வேண்டும். லை49ஹெச் உள்ள எலியில் தலைமுறை தலைமுறையாகக் கடத்தினால், எம்157 மரபணுவில் பிறழ்வு ஏற்பட்ட வைரஸ்கள் தப்பிப் பிழைத்து மேலோங்கும். 2003 இலேயே இதைக் காட்டிவிட்டார்கள். அந்த இருப்பைப் போட்டால் எலிக்குத் தொற்று வரும், எடை குறையும், எல்லாம் வழக்கம்போல நடக்கும், லை49ஹெச் செல் மட்டும் பெருகாது. எனவே ஒவ்வொரு புது இருப்பிலும் எம்157 பகுதியை வரிசைப்படுத்திப் பார்த்துவிடுங்கள். ஒரு பிசிஆர், ஒரு சீக்வென்சிங், அதற்கு மேல் செலவில்லை.

இருப்பை −80 டிகிரியில் சிறு குப்பிகளாகப் பிரித்து வையுங்கள். ஒரு முறை உருகியதை மறுபடி உறையவைத்தால் வீரியம் விழும், பழைய எண்ணை நம்பிப் போடும் ஊசி பொய்யாகிவிடும். எம்157 நீக்கப்பட்ட வைரஸ் ஒரு குழுவுக்குக் கட்டாயம் வேண்டும். அதில் லை49ஹெச் செல் பெருகினால், நீங்கள் பார்ப்பது அழற்சியின் விளைவு, அடையாளம் கண்டதன் விளைவு அல்ல.

#5 தேன்மொழி

> லை49ஹெச் செல் மட்டும் பெருகாது

2-ஆம் நாள், 3-ஆம் நாள் எடுத்துப் பார்த்தால் நல்ல வைரஸிலும் லை49ஹெச் சதவீதம் *குறைந்து*தானே தெரிகிறது? பெருக்கம் எப்போது தொடங்குகிறது?

#6 கேட்டிங் கந்தன்

நல்ல கேள்வி. இரண்டு காரணம்.

ஒன்று, எம்157-ஐப் பிடித்த ஏற்பி உள்ளே இழுக்கப்படுகிறது. செல் இருக்கிறது, மேற்பரப்பில் ஏற்பி குறைந்திருக்கிறது. ஸ்டெயின் (ஒளிரும் ஆன்டிபாடிச் சாயம்) மங்கிப்போய், உங்கள் கேட்டுக்கு (செல் எண்ணும் கருவியில் எதை எண்ணுவது என்று வரையும் எல்லை) வெளியே விழுந்துவிடும். லை49ஹெச்-ஐ மட்டும் நம்பி எண்ணினால் பாதியைத் தவறவிடுவீர்கள். செலுத்திய செல் என்றால் சிடி45.1-ஐ வைத்து எண்ணுங்கள், லை49ஹெச்-ஐ அதற்குப் பிறகு பாருங்கள். இன்னொன்று, முதல் இரண்டு மூன்று நாட்களில் மண்ணீரலின் என்.கே. எண்ணிக்கையே மொத்தமாக இறங்கும்.

நாள்வாரியாகப் பார்த்தால், 1.5-ஆம் நாளில் லை49ஹெச் இருப்பது, இல்லாதது எல்லாமே இன்டர்ஃபெரான் காமா (நோயெதிர்ப்பைத் தூண்டும் புரதம்) சுரக்கும். அது சைட்டோகைன் (செல்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் சமிக்ஞைப் புரதம்) வெள்ளத்தின் வேலை, அடையாளம் பார்க்காதது. 4 முதல் 6-ஆம் நாள் வரை லை49ஹெச் உள்ளவை மட்டும் பிரிந்து பெருகும். 7-ஆம் நாளை ஒட்டி உச்சம். பிறகு கழுதை தேய்ந்து கட்டெறும்பான மாதிரி இறக்கம். 28-ஆம் நாளுக்குப் பிறகு மிஞ்சுவதைத்தான் நினைவு செல் என்கிறோம். 7-ஆம் நாள் செல்லைக் காட்டி ‘நினைவு’ என்று எழுதும் போஸ்டர்களைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது. அது உச்சத்தில் இருக்கும் போராளி, நினைவு இல்லை.

#7 எதிர்வாதி

சரி, பெருகின, சுருங்கின. மண்ணீரல்வாசியின் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. மீதமிருக்கும் செல் ஒன்று, தொற்றே பார்க்காத செல் ஒன்றைவிட எந்த வகையில் வேறு?

#8 மண்ணீரல்வாசி

அந்த 2009 சோதனையில் எனக்குப் பிடித்த பகுதி பெருக்கம் அல்ல, குட்டி எலிச் சோதனைதான். பிறந்த சில நாட்களே ஆன எலிகளுக்கு லை49ஹெச் உள்ள முதிர்ந்த என்.கே. செல்கள் இன்னும் வந்திருக்காது, வைரஸ் கொடுத்தால் இறக்கும். அவற்றுக்குத் தொற்றே பார்க்காத என்.கே. செல் ஒரு லட்சம் செலுத்தினால் கிடைக்கும் பாதுகாப்பு, நினைவு செல் பத்தாயிரத்திலேயே கிடைத்தது. எண்ணிக்கையைக் கையில் பிடித்து வைத்துக்கொண்டு ஒப்பிட்டார்கள், அதனால்தான் இதற்கு எடை. தலைக்குத் தலை பத்து மடங்கு.

ஒரு திருத்தமும் சொல்ல வேண்டும். இரண்டாம் முறை பெருக்கத்தில் நினைவு செல் முதல்முறை செல்லைவிடப் பிரமாதமாகப் பெருகுகிறது என்று சிலர் எழுதுகிறார்கள். அது சரியல்ல. மீண்டும் வலுவாகப் பெருகுகிறது என்பது வரைதான் சொல்லலாம். வித்தியாசம் தெரிவது செயலில்: தட்டில் ஒட்டவைத்த ஆன்டிபாடியால் என்கே1.1-ஐயோ லை49ஹெச்-ஐயோ தூண்டினால், நினைவு செல்களில் இன்டர்ஃபெரான் காமா சுரப்பவற்றின் பங்கும், கொல்லும் துகள்களை வெளியே கொட்டுபவற்றின் பங்கும் கூடுதல்.

#9 கேட்டிங் கந்தன்

அந்தத் தூண்டல் சோதனையில் விழும் குழி ஒன்று. தட்டில் என்கே1.1 ஆன்டிபாடியை (பிகே136 என்ற க்ளோன், அதாவது அந்த ஆன்டிபாடியின் ஒரு வகை) ஒட்டிவிட்டு, பிறகு அதே பிகே136-ஐ வைத்து என்.கே. செல்லை ஸ்டெயின் செய்தால் ஏற்பி ஏற்கெனவே மூடப்பட்டோ உள்ளிழுக்கப்பட்டோ இருக்கும், என்.கே. செல்லே மாயமாகிவிடும். என்கேபி46 அல்லது சிடி49பி என்ற வேறு என்.கே. அடையாளத்தை வைத்து கேட் போடுங்கள். லை49ஹெச்-ஐத் தூண்ட 3டி10 க்ளோனைப் போட்டால் 3டி10 ஸ்டெயினுக்கும் இதே கதி.

செய்முறை: தட்டில் ஆன்டிபாடியை 4 டிகிரியில் இரவு முழுக்க ஊறவைத்து, கழுவிவிட்டு, செல்களைப் போட்டு 37 டிகிரியில் 5 மணி நேரம். ப்ரெஃபெல்டின் ஏ, மோனென்சின் (சுரப்பைச் செல்லுக்குள்ளேயே நிறுத்துபவை) இரண்டும், துகள் கொட்டியதைக் காட்டும் சிடி107ஏ ஆன்டிபாடியும் தொடக்கத்திலேயே. கட்டுப்பாட்டுக்கு ஐசோடைப் (எதையும் குறிவைக்காத ஆன்டிபாடி) ஒட்டிய தட்டுக்குழி. இறந்த செல் சாயம் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள், தொற்று எலியின் கல்லீரலிலிருந்து எடுத்தால் கண்டதெல்லாம் ஒட்டும்.

எதை எதனுடன் ஒப்பிடுகிறோம் என்பதிலும் தவறு நடக்கிறது. நினைவு செல் எல்லாமே முதிர்ந்தது, மேற்பரப்பு அடையாளங்கள் அதைக் காட்டும்: கேஎல்ஆர்ஜி1 அதிகம், லை6சி அதிகம், சிடி27 குறைவு. தொற்று பார்க்காத எலியின் என்.கே. கூட்டத்திலோ இளசும் முதிர்ந்ததும் கலந்திருக்கும். மொத்தத்தையும் மொத்தத்தையும் ஒப்பிட்டால் முதிர்ச்சியின் வித்தியாசத்தை நினைவு என்று எண்ணிக்கொள்வீர்கள். சிடி27 குறைந்த, சிடி11பி நிறைந்த, லை49ஹெச் உள்ள பகுதியை மட்டும் எடுத்து ஒப்பிடுங்கள். வித்தியாசம் சுருங்கும்.

#10 எதிர்வாதி

இதெல்லாம் ‘பயிற்சி பெற்ற எதிர்ப்பு’ என்ற பெட்டிக்குள் அடங்கிவிடாதா? பிசிஜி ஊசி போட்ட பிறகு மோனோசைட்டும் என்.கே. செல்லும் எதைக் கண்டாலும் கொஞ்சம் கூடுதலாகச் சீறுகின்றன. நம் எல்லோருடைய இடது தோளிலும் அந்தத் தழும்பு இருக்கிறது, அதற்காக அதை நினைவு என்று சொல்கிறோமா?

#11 மண்ணீரல்வாசி

அடங்காது. அதற்கு நேரடியான பதில் 2014 இல் கிடைத்துவிட்டது. எம்.சி.எம்.வி. நினைவு என்.கே. செல்கள் அதே வைரஸுக்குக் கூடுதலாகச் செயல்பட்டன, சம்பந்தமில்லாத வேறு கிருமியைக் கொடுத்தபோதோ தொற்று பார்க்காத செல்லைவிட *மந்தமாக* இருந்தன. ஐஎல்-12, ஐஎல்-18 என்ற சைட்டோகைன்களின் கலவை தரும், இலக்கைப் பாராத பக்கவாட்டுத் தூண்டலுக்கு அவை மசியவில்லை. பிசிஜி பயிற்சி என்றால் எல்லாத் திசையிலும் சீற்றம் கூடும். இங்கே ஒரு திசையில் கூடி, மற்றதில் குறைந்திருக்கிறது.

கந்தனின் சோதனையில் கூடவே தட்டின் ஒரு குழியில் ஐஎல்-12 (மில்லிலிட்டருக்கு 20 நானோகிராம்), ஐஎல்-18 (10 நானோகிராம்) போட்டு வையுங்கள். ஆன்டிபாடிக் குழியில் ஏற்றம், சைட்டோகைன் குழியில் இறக்கம் என்று இரண்டும் சேர்ந்து வந்தால்தான் அந்த வாதம் நிற்கும். ஒன்றை மட்டும் காட்டினால் எதிர்வாதி சொல்வதே சரி என்றாகிவிடும்.

#12 எதிர்வாதி

இந்த ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். வாதத்தை மாற்றிக்கொள்கிறேன்: எம்157 மட்டும் போதுமா, இல்லை அழற்சியும் வேண்டுமா?

#13 மண்ணீரல்வாசி

எம்157 மட்டும் போதாது என்பது மட்டுமல்ல, கெடுக்கும். எம்157-ஐப் பிறப்பிலிருந்தே எல்லா செல்லிலும் தாங்கும்படி செய்த எலிகளில் லை49ஹெச் செல்கள் பெருகுவதில்லை, சோர்ந்து போகின்றன. எந்நேரமும் அடித்துக்கொண்டே இருக்கும் மணியை யார் காதில் வாங்குவார்கள்?

தொற்றில் ஏற்பிச் சமிக்ஞையுடன் சேர்ந்து வர வேண்டியவற்றில் முதலிடம் ஐஎல்-12-க்கு. 2012 இல் அதைக் காட்டிய முறை சிக்கனமானது. ஒரே எலிக்கு எலும்பு மஜ்ஜையைப் பாதிக்குப் பாதி கலந்து கொடுத்தார்கள்: ஒரு பாதி இயல்பானது, மறுபாதி ஐஎல்-12 ஏற்பி இல்லாதது. மஜ்ஜை பிடித்து ரத்தம் முழுமையாக நிரம்ப எட்டு வாரமாவது ஆகும். அதன் பிறகு தொற்று. ஒரே உடல், ஒரே வைரஸ் அளவு, ஒரே சூழல், ஆனால் ஏற்பி இல்லாத பாதி பெருகவே இல்லை. உள்ளே செய்தியைக் கடத்தும் ஸ்டாட்4 இல்லாவிட்டாலும் அப்படித்தான். தனித்தனி எலியில் செய்திருந்தால் ‘வைரஸ் அளவு வேறு, அதனால் வந்த வித்தியாசம்’ என்று ஒரே வரியில் தள்ளிவிடலாம்.

ஐஎல்-18 முதல் பெருக்கத்துக்கு உதவுகிறது, நினைவு செல் ஆனபின் அது இல்லாமலே சமாளிக்கிறது. முதல் வகை இன்டர்ஃபெரானின் வேலை சுவாரஸ்யமானது. அதன் ஏற்பி இல்லாத என்.கே. செல்களை மற்ற என்.கே. செல்களே கொன்றுவிடுகின்றன. பெருகாததற்குக் காரணம் பிரிய முடியாமை அல்ல, சக செல்களின் கையால் சாவு. பெர்ஃபோரின் இல்லாத எலியில் அவை பிழைத்துக்கொள்கின்றன. 2016 இல் வந்த முடிவு இது.

#14 தேன்மொழி

சுருங்கும் கட்டத்தில் யார் பிழைப்பது என்பதைத் தீர்மானிப்பது எது? குருட்டு அதிர்ஷ்டமா?

#15 மண்ணீரல்வாசி

முழுக்க இல்லை. பிம் என்ற சாவுப் புரதம் இந்த இறக்கத்தை நடத்துகிறது, அது இல்லாவிட்டால் சுருக்கம் ஒழுங்காக நடப்பதில்லை. அத்தோடு, 7-ஆம் நாள் செல்லின் மைட்டோகாண்ட்ரியாவைச் சவ்வு மின்னழுத்தச் சாயத்தில் பார்த்தால் நைந்துபோயிருக்கும். வேகமாகப் பிரிந்ததன் களைப்பு. அந்தப் பழுதான மைட்டோகாண்ட்ரியாவைத் தின்று அகற்றும் செல்கள் தேறுகின்றன. பிஎன்ஐபி3 என்ற புரதம் இல்லாவிட்டால் அகற்ற முடியாமல் செத்துப்போகின்றன. சுருங்கும் கட்டத்தில் ராபமைசின் கொடுத்து இந்தத் துப்புரவைத் தூண்டினால் நினைவு செல் எண்ணிக்கை கூடுகிறது (2015). நேரம் முக்கியம். பெருகும் கட்டத்திலேயே ராபமைசின் கொடுத்தால் பெருக்கத்துக்கு வேண்டிய எம்டார் பாதையையே அடைத்துவிடுவீர்கள்.

ஏற்பியின் பிடிவலுவும் ஒரு காரணம். லை49ஹெச் ஒரே மரபணுதான், ஆனாலும் செல்லுக்குச் செல் மேற்பரப்பு அளவு வேறுபடும். அதிகம் தாங்கியவற்றின் வாரிசுகளே கூட்டத்தில் மேலோங்குகின்றன என்று 2019 இல் இரண்டு குழுக்கள் காட்டின. வெட்டி ஒட்டும் ஏற்பி இல்லாமலே தேர்வு நடக்கிறது.

#16 கேட்டிங் கந்தன்

அந்தப் பிடிவலுச் சோதனையைச் செய்ய நினைப்பவர்களுக்கு: தொற்று நடக்கும்போது லை49ஹெச் பிரகாசத்தை அளக்காதீர்கள். ஏற்பி உள்ளிழுப்பு கலந்துவிடும் (#6). செலுத்துவதற்கு *முன்* அதிகம், குறைவு என்று சார்ட்டரில் (செல் பிரிக்கும் கருவி) பிரித்து, இரண்டு வெவ்வேறு அடையாளத்துடன் ஒரே எலியில் போட வேண்டும். பிரிக்கப் போடும் 3டி10 ஆன்டிபாடியே ஏற்பியைத் தொடும் என்பதால் இரண்டு பகுதிக்கும் ஒரே அளவு, ஒரே நேரம், பனிக்கட்டி மேல்.

#17 தும்பை

இவ்வளவும் எலி. மனிதருக்கு லை49ஹெச் இல்லை, அதனால் மனித சைட்டோமெகலோ வைரஸை (சிஎம்வி) பற்றிச் சொல்கிறேன்.

சிஎம்வி தொற்றியவர்களின் ரத்தத்தில் என்கேஜி2சி என்ற ஏற்பியைத் தாங்கிய என்.கே. செல்கள் கூடுதலாக இருப்பதை 2004 இல் கவனித்தார்கள். என்கேஜி2சி, சிடி94-உடன் ஜோடி சேர்ந்து ஹெச்எல்ஏ-ஈ (மனிதரின் எம்ஹெச்சி வகைகளில் ஒன்று) மூலக்கூறைப் பார்க்கிறது. வைரஸின் யூஎல்40 புரதத்திலிருந்து வரும் ஒன்பது அமினோ அமிலத் துண்டு, நம் ஹெச்எல்ஏ முன்னொட்டுத் துண்டுகளைப் போலவே வேஷம் போட்டு ஹெச்எல்ஏ-ஈ-யில் உட்காருகிறது. என்.கே. செல்லை ஏமாற்றி அடக்குவதற்காக வைரஸ் செய்யும் ஏற்பாடு அது, ஏனென்றால் தடுப்பு ஏற்பியான என்கேஜி2ஏ அதே ஜோடியை இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும். என்கேஜி2ஏ இல்லாத, என்கேஜி2சி மட்டுமே உள்ள செல் அந்த வேஷத்தைத் தூண்டலாக எடுத்துக்கொள்கிறது. யூஎல்40 துண்டில் ஓரிரு அமினோ அமிலம் மாறினாலே தூண்டலின் வலு மாறுகிறது என்று 2018 இல் காட்டினார்கள். எலியில் எம்157 விஷயத்தில் நடந்த அதே சூழ்ச்சி, எதிர்ச்சூழ்ச்சி.

உறுப்பு மாற்றம் செய்தவர்களுக்குச் சிஎம்வி கிளம்பும்போது வரிசையைப் பார்க்கலாம்: முதலில் என்கேஜி2சி செல்கள் கூடும், பிறகு அவற்றில் சிடி57 என்ற முதிர்ச்சி அடையாளம் ஏறும். ஒரு பகுதி செல்களில் எஃப்சிஆர் காமா என்ற இணைப்புப் புரதம், சிக் என்ற கைனேஸ், பிஎல்இசட்எஃப் என்ற மரபணுக் கட்டுப்பாட்டுப் புரதம் ஆகியவை ஒன்றோ பலவோ காணாமல் போயிருக்கும். இன்டர்ஃபெரான் காமா மரபணுவின் சிஎன்எஸ்1 என்ற கட்டுப்பாட்டுப் பகுதியில் மெத்தில் குறிகள் நீங்கியிருக்கும், அதாவது அந்த மரபணு திறந்த கதவாக இருக்கும்.

எதிர்வாதிக்கு இன்னொன்று. இந்தச் செல்கள் ஆன்டிபாடி வழியாக, சிடி16 (ஆன்டிபாடியைப் பிடிக்கும் ஏற்பி) மூலம் தூண்டினால் கூடுதலாகச் சீறும். ஐஎல்-12, ஐஎல்-18 கொடுத்தால் மந்தம். #11 இல் எலியில் சொன்ன அதே ஏற்றமும் இறக்கமும் மனிதரிலும்.

#18 எதிர்வாதி

சிக்குன்குனியாவிலும் ஹான்டா வைரஸிலும் என்கேஜி2சி செல் கூடியதாகக் கட்டுரைகள் உண்டு. அப்படியென்றால் அது சிஎம்வி-க்கான அடையாளம் எப்படி?

#19 தும்பை

ஹான்டா சோதனையை ஊன்றிப் படியுங்கள். வடக்கு ஸ்வீடனில் புமாலா வகை ஹான்டா பரவியபோது எடுத்த ரத்தம், 2011 இல் வெளியானது. என்கேஜி2சி செல்கள் கூடியது ஏற்கெனவே சிஎம்வி இருந்தவர்களிடம் மட்டும். சிஎம்வி இல்லாதவருக்குக் கூடவில்லை. விதை போட்டது சிஎம்வி, இன்னொரு தொற்று தண்ணீர் விட்டது. எனவே எந்தத் தொற்றில் என்கேஜி2சி பார்த்தாலும், முதலில் சிஎம்வி ஐஜிஜி (பழைய தொற்றைக் காட்டும் ஆன்டிபாடி) பாருங்கள். அந்த ஒரு பரிசோதனை இல்லாத தரவு எனக்குக் குப்பை.

மனித ஆய்வின் பெரிய தொல்லை வேறு: சிஎம்வி உடலை விட்டுப் போவதே இல்லை. ஒளிந்திருந்து அவ்வப்போது தலைகாட்டும். ஆகவே அந்தச் செல்கள் நீடிப்பது ஞாபகத்தாலா, அவ்வப்போது கிடைக்கும் தூண்டலாலா என்று பிரிக்க முடியாது. எலியில் நினைவு செல்லை எடுத்துத் தொற்றே இல்லாத எலிக்கு மாற்றிப் பார்க்கலாம், மனிதரில் அது முடியாது. இந்தக் காரணத்தால் நான் ‘நினைவு’ என்று எழுதுவதில்லை, ‘தகவமைந்த என்.கே.’ என்றுதான் எழுதுகிறேன்.

சிலருக்கு என்கேஜி2சி மரபணுவே இரு பிரதியிலும் இருக்காது. அவர்களிடமும் சிஎம்வி வந்தபின் எஃப்சிஆர் காமா இல்லாத செல்கள் தோன்றுகின்றன. ஆகவே என்கேஜி2சி ஒன்றை மட்டும் வைத்துத் தேடினால் அவர்களை முழுதாகத் தவறவிடுவீர்கள்.

#20 தேன்மொழி

ஐஎல்-12, 15, 18 மூன்றிலும் என்.கே. செல்லை ஒரு ராத்திரி ஊறவைத்து எடுக்கிறார்களே, அதுவும் ‘நினைவு’ என்றுதான் அழைக்கப்படுகிறது. அதை எதில் சேர்ப்பது?

#21 மண்ணீரல்வாசி

பெயர்தான் ஒன்று, வகை வேறு. 2009 இலேயே செயின்ட் லூயிஸ் நகரத்தில் வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழு அதை எலியில் காட்டியது. அங்கே வைரஸும் இல்லை, இலக்கும் இல்லை. 12 முதல் 16 மணி நேரம் சைட்டோகைனில் ஊறிய செல், வாரங்கள் கழித்துத் தூண்டினாலும் இன்டர்ஃபெரான் காமாவை அதிகம் சுரக்கிறது, பல முறை பிரிந்த பிறகும் வாரிசுகளிடம் அந்தக் குணம் நிற்கிறது. அதே பல்கலைக்கழகம் 2016 இல் ரத்தப் புற்றுநோயாளிகளிடம் முயன்று, மதிப்பிட முடிந்த ஒன்பது பேரில் ஐந்து பேருக்குப் பலன் கண்டது, அதில் நால்வருக்கு முழு நிவாரணம். மருந்தாகப் பார்த்தால் அருமை. நோயெதிர்ப்பு நினைவு என்ற சொல்லுக்கு நான் கேட்கும் அடையாளம் காணுதல் அதில் இல்லை. எதிர்வாதியின் ‘பயிற்சி’ப் பெட்டியில் அதைப் போட எனக்குத் தடையில்லை.

கல்லீரல் கதையையும் சொல்லிவிடுகிறேன், யாராவது கேட்பார்கள். 2006 இல், டி செல்லும் பி செல்லும் இல்லாத எலிகள் தோலில் பூசிய ரசாயனத்தை நினைவில் வைத்துக்கொண்டன என்றும், அந்த நினைவு கல்லீரல் என்.கே. செல்லில் இருக்கிறது என்றும் வந்தது. பிறகு கல்லீரலில் தங்கிவிடும், சிடி49ஏ தாங்கிய, ஈயோமெஸ் என்ற மரபணுக் கட்டுப்பாட்டுப் புரதம் இல்லாத வேறொரு கூட்டம் தெரியவந்தது. இன்று அதை ஐஎல்சி1 (என்.கே. செல்லுக்கு உறவான வேறொரு வகை) என்கிறோம். அந்தப் பழைய சோதனைகளில் என்.கே. என்று எண்ணியதில் எவ்வளவு ஐஎல்சி1 என்பது சிடி49ஏ, சிடி49பி இரண்டையும் சேர்த்து ஸ்டெயின் செய்யாத வரை தெரியாது. கல்லீரலை எடுக்கிறீர்கள் என்றால் இந்த இரண்டும் பேனலில் இருந்தே ஆக வேண்டும்.

#22 எதிர்வாதி

தும்பைக்குக் கடைசியாக ஒன்று. இந்தியாவில் பெரியவர்களில் பெரும்பாலோருக்குச் சிஎம்வி ஐஜிஜி இருக்கும். சிஎம்வி இல்லாத ஒப்பீட்டு ரத்தத்துக்கு எங்கே போவது?

#23 தும்பை

தொப்புள்கொடி ரத்தம். எஃப்சிஆர் காமா ஸ்டெயின் இருக்கிறது, இல்லை என்ற கோட்டை வரைய அது போதும்: அதில் கிட்டத்தட்ட எல்லா என்.கே. செல்லிலும் எஃப்சிஆர் காமா இருக்கும். அதே குழாயில் டி செல்லில் இருக்காது, மோனோசைட்டில் இருக்கும், ஆக இரு பக்க எல்லையும் உள்ளேயே கிடைத்துவிடும். இது செல்லுக்கு உள்ளே இருக்கும் புரதம், துளையிடும் கரைசல் சரியில்லை என்றால் எல்லாமே ‘இல்லை’ என்று வரும். மோனோசைட் பளிச்சென்று தெரிகிறதா என்று முதலில் பார்த்துவிட்டு மற்றதை நம்புங்கள். உறையவைத்த மாதிரிகளில் சிடி16 உதிர்ந்துபோவதும் உண்டு, என்.கே. கேட்டை சிடி56 என்ற என்.கே. அடையாளத்தையும் சேர்த்துப் போடுங்கள்.

செயலை ஒப்பிட மட்டும் தொப்புள்கொடி ரத்தத்தை எடுக்காதீர்கள். அந்தச் செல்கள் இளசு, பெரும்பாலும் என்கேஜி2ஏ தாங்கியவை, #9 இல் கந்தன் சொன்ன முதிர்ச்சிக் குழியிலேயே மறுபடி விழுவீர்கள். அதற்கு ஒரே ஆளின் ரத்தத்தில் எஃப்சிஆர் காமா உள்ள சிடி57 செல்லையும், எஃப்சிஆர் காமா இல்லாத சிடி57 செல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.